உப்புவெளி ரின்னில் 41 காசுகள்: எதைக் கழுவினோம், எதைத் தொடாமல் விட்டோம்

போன வருடம் ஆனி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், திருகோணமலை உப்புவெளியில் இருந்து பெரியம்மா போன் எடுத்தார். "மகன், அம்மப்பாட காசு ரின் இருக்கெல்லே, அதைத் திறந்திட்டன். நாலு காசைப் புளி போட்டுத் தேய்ச்சனான், பளபளவெண்டு வந்திட்டுது. மிச்சத்தையும் தேய்க்கட்டோ?" மிச்சத்தைத் தொடவேண்டாம், கையைக் கழுவிவிட்டுச் சும்மா இருங்கோ என்று சொல்லிவிட்டு உவர்மலையில் இருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். இங்கே எழுதுவது அந்த ரின்னுக்கு அதன் பிறகு பதினைந்து மாதங்களில் என்ன நடந்தது என்பதைத்தான். வெற்றிக்கதை என்று சொல்லமாட்டேன், சிலது தப்பியது, சிலது போய்விட்டது, ஒன்று இன்னும் தண்ணீருக்குள் கிடக்கிறது.

முதலில் ரின்னின் வரலாறு, ஏனென்றால் காசுக்கு என்ன வருத்தம் என்பது அது எங்கே கிடந்தது என்பதில்தான் இருக்கிறது. அம்மப்பா போர்க்காலத்தில் கடற்படைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது எங்கே ஓடி ஒளித்தார் என்பதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் திருகோணமலைக்கு எந்த நாட்டுக் கப்பல் வராமல் இருந்தது? ஆகவே அவருடைய பிஸ்கட் ரின்னுக்குள் இலங்கைச் சதங்களோடு இந்திய ரூபாய், இங்கிலாந்துப் பென்னி, நடுவில் ஓட்டை போட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் காசு எல்லாம் சேர்ந்திருந்தன. கிழக்கு ஆப்பிரிக்கப் படைகளும் அப்போது இலங்கையில் நின்றவைதானே. அவர் போன பிறகு ரின் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சேற்றுக்குள் இருந்து ரின்னை எடுத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து, அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். ஊரே ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் காசு ரின்னை யார் திறந்து பார்ப்பார்கள்? அப்படியே இருபது வருடத்துக்குக் கிட்ட, கடல் தண்ணீர் குடித்த காசு மூடிய ரின்னுக்குள் கிடந்திருக்கிறது. ஊரின் பெயரே உப்புவெளி, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

திறந்து எண்ணியபோது 41. வெள்ளி இந்திய ரூபாய் 9, செப்பு ஒரு சதமும் அரைச் சதமுமாக 14, மஞ்சள் நிறத்து நிக்கல் பித்தளைக் காசு 6, சதுரமான ஐந்து சதம் 5, பென்னி 4, ஓட்டைக் காசு 2. அப்புறம் தடித்த, ஒழுங்கில்லாத, கறுப்பும் பச்சையுமாக ஒரு செப்புத்துண்டு. அதைப் பற்றிக் கடைசியில்.

பெரியம்மாவின் புளி

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் செம்பு பித்தளை என்றால் புளி, வெள்ளி என்றால் திருநீறு. குத்துவிளக்கு, செம்பு, பூசைத்தட்டு எல்லாம் அப்படித்தான் மினுங்குகின்றன. ஆனால் விளக்கு தேய்க்கத்தான் செய்த பொருள், இந்த வெள்ளிக்கிழமை தேய்த்தால் வருகிற வெள்ளிக்கிழமையும் தேய்க்கலாம், அதற்குத் தடிப்பு இருக்கிறது. காசில் அரசரின் தலை எழும்பி நிற்கும் உயரமே ஒரு மில்லிமீற்றரில் ஒரு பகுதி. செப்புக்காசின் மேல் இருக்கும் கபில நிறம் அழுக்கு என்று நினைக்கிறோம், அது அழுக்கில்லை, செம்பே காற்றோடு சேர்ந்து தனக்குப் போட்டுக்கொண்ட தோல். புளியில் இருக்கும் தார்த்தாரிக் அமிலமும் தேசிக்காயில் இருக்கும் சித்திரிக் அமிலமும் அந்தத் தோலை உரிக்கின்றன, அடியில் இருந்து ரோஸ் நிறத்தில் வெறும் செம்பு வெளியே வருகிறது. பார்க்க அழகுதான், புண்ணைக் கீறிச் சிவப்பாக்கினதுபோல. விற்பதென்றால் சேகரிப்பவர்கள் கண்ட உடனே விலையைக் குறைப்பார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினால் வழக்கமான தரப்புள்ளி தராமல், சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் திருப்பித் தருவார்கள்.

புளி பட்ட நாலில் மூன்று சாதாரணச் சதங்கள், அவை போனால் போகட்டும். நாலாவது 1944 பென்னி. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, ஏன் என்று பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. 1944, 1945, 1946 ஆம் ஆண்டுப் பென்னிகளை இங்கிலாந்து நாணயச்சாலையே இரசாயனம் போட்டுக் கறுப்பாக்கித்தான் வெளியே விட்டது. போட்டோ கழுவ ஹைப்போ என்று ஒன்று பாவித்தார்களே, அதேதான். அதாவது அந்தக் கறுப்பு காலம் போட்டதில்லை, காசு பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்த சட்டை. எண்பது வருடம், ஒரு சுனாமி, இவ்வளவுக்கும் தப்பிய சட்டை பத்து நிமிடப் புளியில் போய்விட்டது.

எனக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. பதினொரு வயதில் இதே ரின்னில் இருந்து ஒரு விக்டோரியா ரூபாயை எடுத்து, திருநீறு போட்டு, பழைய சாரத்துணியால் பளிச்சென்று வரும்வரை தேய்த்தேன். அம்மப்பா ஒன்றும் சொல்லவில்லை, ரின்னை உயரத்தில் வைத்தார். அந்த ரூபாய் இப்போதும் இருக்கிறது, பத்து மடங்கு பெருக்கும் லென்சில் பார்த்தால் மகாராணியின் கன்னம் முழுக்க வட்ட வட்டமாக மயிர்க்கீறல்கள். திருநீறும், பற்பசையும், அப்பச் சோடாக் குழம்பும், கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷும் எல்லாம் ஏதோ ஒரு நுண்ணிய தூள்தான், தூள் என்றால் கீறும்.

நோய் இருக்கிறதா இல்லையா

புளி பட்டவற்றை முதலில் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தேன், ஏனென்றால் சின்னத் துளைகளுக்குள் அமிலம் நின்றால் அரித்துக்கொண்டே இருக்கும். மிச்சத்தை வெள்ளைக் கோப்பையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் காசு சும்மா பழையதாக இருக்கிறதா, இல்லை இன்னும் அழிந்துகொண்டிருக்கிறதா? பழையதாக இருப்பதற்கு மருந்து தேவையில்லை. அழிந்துகொண்டிருப்பதை நிறுத்தத்தான் வேண்டும். சுத்தம் செய்யலாமா கூடாதா என்று ஆட்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடிப்பதில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது என்பது என் எண்ணம்.

பச்சையில் இரண்டு பச்சை உண்டு. கரும்பச்சை, கெட்டி, நகத்தால் தட்டினால் அசையாது: அது பரவாயில்லை, விடலாம். வெளிர்பச்சை, மாவுபோல, ஈர்க்கு நுனியால் தொட்டாலே உதிர்ந்து அடியில் குழி தெரியும்: அதுதான் வெண்கல நோய். கடல் உப்பில் இருக்கும் குளோரைட்டு செம்போடு சேர்ந்து அடியில் ஒளிந்திருக்கும், காற்றின் ஈரமும் ஒட்சிசனும் பட்டால் அது பச்சை மாவாக மாறும்போது ஐதரோகுளோரிக் அமிலத்தையும் விடும், அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைட்டு ஆகும், திரும்ப முதலில் இருந்து. முடிவே இல்லாத வட்டம், காசு முடியும்வரை. சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதன் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் உறங்கும், திருகோணமலையில் அந்தளவு வறட்சி எங்கே கிடைக்கும்? கச்சான் காலத்தில் கொஞ்சம் காயும், வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் சுவரே வியர்க்கும்.

சந்தேகமான செப்புக்காசுகளை ஒரு மூடிய பெட்டியில், ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில், பஞ்சு படாமல் ஓர் இரவு வைத்தேன். கொஞ்சம் முரட்டுச் சோதனைதான், நோயைக் கூப்பிட்டுப் பார்ப்பது மாதிரி. விடிய ஆறு சதங்களில் குண்டூசித் தலையளவு புதுப் பச்சை. அதில் நாலு 1942க்குப் பிறகு வந்த மெல்லிய சதங்கள், அவற்றில் தின்பதற்கும் அதிகம் இல்லை.

ஆறு ஜாம் போத்தல்

மருந்து என்று பார்த்தால் தண்ணீர்தான். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீரைத் தேநீருக்கே வைக்க முடியாது, குழாய்த் தண்ணீரில் குளோரின். வாகன உதிரிப்பாகக் கடையில் பற்றரித் தண்ணீர் என்று கேட்டால் காய்ச்சி வடித்த நீர் கிடைக்கும். போத்தலில் எழுதியிருப்பதைக் கட்டாயம் வாசியுங்கள், பக்கத்திலேயே பற்றரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் அடுக்கியிருக்கும், கடைக்காரத் தம்பி அவசரத்தில் எனக்கு முதலில் நீட்டியது அதைத்தான்.

ஆறு காசுக்கும் ஆறு போத்தல், வெளியே இலக்கம். முதல் கிழமை தினமும் தண்ணீர் மாற்றினேன், பிறகு மூன்று நாளுக்கு ஒரு தரம். உப்பு இன்னும் வருகிறதா என்று எப்படித் தெரியும்? பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் சின்னக் குப்பியில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் தந்தார். போத்தல் தண்ணீரில் கொஞ்சம் தனியாக எடுத்து, ஒரு துளி நைத்திரிக் அமிலம் விட்டு, அதில் இதை விட்டால் குளோரைட்டு இருக்குமளவுக்கு வெள்ளையாகக் கலங்கும். முதல் நாள் கலங்கியதைப் பார்த்து பெரியம்மா, "இதென்ன, பால் விட்டமாதிரி" என்றார். அந்தப் பால் இருபது வருடத்துக்கு முந்தைய கடல் என்று நான் சொன்னதும் கொஞ்சநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. (இந்தக் கரைசல் கையில் பட்டால் கறுத்த கறை, ஒரு கிழமைக்குப் போகாது. காசில் விடவே கூடாது.)

ஐந்தாவது கிழமை நாலு போத்தல் தெளிந்துவிட்டது. இரண்டு தெளியவே இல்லை. அந்த இரண்டுக்கும் சலவைச் சோடாவும் அப்பச் சோடாவும் கலந்த கரைசல், லீற்றருக்கு 10 கிராம் அளவில் மிக மெல்லிதாக. காரம் அமிலத்தை முறிக்கும், குளோரைட்டையும் மெதுவாக வெளியே இழுக்கும். ஆனால் கூலி இல்லாமல் செய்யாது, மேல் தோலின் நிறத்தை மாற்றும். ஒன்று கபிலம் போய் மங்கிய சாம்பல் நிறமாக வந்தது, மற்றது அவ்வளவு மோசமில்லை. நூதனசாலைகளில் இதற்குப் பிறகு பென்சோரையசோல் என்ற இரசாயனம் போட்டுச் செம்பை மூடிவிடுவார்கள். அது நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், வீட்டுக் குசினியில் செய்கிற வேலையில்லை, நான் அதற்குப் போகவில்லை.

கழுவி முடித்ததை உலர்த்த அசற்றோனில் ஒரு முக்கு. அது துளைக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு பறந்துவிடும், உலோகத்தை ஒன்றும் செய்யாது. எண்ணெய், பசை, பழைய பிளாஸ்ரிக் உறையின் பிசின் எல்லாம் அதிலேயே போகும். சுத்த அசற்றோன் வேண்டும், நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் விடுங்கள், சில பிளாஸ்ரிக் கரைந்தே போகும். அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம், சட்டென்று பற்றும்.

வெள்ளியும் மற்றவையும்

வெள்ளி ரூபாய்கள் பிரச்சினை தரவில்லை, ஆசையைத்தான் தந்தன. ஒவ்வொன்றும் 11.66 கிராம், நூறில் 91.7 பங்கு வெள்ளி, ஒன்பதில் எட்டு நல்ல கறுப்பு (மற்றது என் திருநீறு பட்டது). கறுப்பு என்பது வெள்ளி சல்பைட்டு, தின்று முடிக்கிற நோயில்லை. எல்லாவற்றையும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை எடுத்து உலர்த்தினேன், அவ்வளவுதான். ஒன்று மட்டும் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து பச்சையாகப் பிசுபிசுத்தது, பி.வி.சி. பிளாஸ்ரிக் பழசானால் அமிலம் விடும், அதை ஒரு நாள் அசற்றோனில் போட்டேன், போய்விட்டது.

பெரியம்மா விடவில்லை. "ஒண்டையாவது வெள்ளையாக்கிக் காட்டு" என்றார். சரி, மிகவும் தேய்ந்த ஜோர்ஜ் ரூபாய் ஒன்றை எடுத்து, அலுமினியத்தாள் விரித்த கிண்ணத்தில் வைத்து, அப்பச் சோடாவும் கொதிதண்ணீரும் விட்டேன். கூழ்முட்டை மணம் வந்தது, அது சல்பைட்டு போகிற மணம். இரண்டு நிமிடத்தில் வெள்ளை. இந்த முறையில் வெள்ளி கரைந்து போகாது, சல்பைட்டில் இருந்த வெள்ளியே திரும்பவும் மேலே படிகிறது. ஆனால் படிந்த வெள்ளிக்கு உயிர் இல்லை. அச்சடித்தபோது உலோகம் ஓடிய கோடுகளில்தான் புதுக்காசின் மினுக்கம் இருக்கிறது, அது திரும்பி வராது, அலுமினியக் கரண்டி மாதிரி ஒரு வெளிறல்தான் வரும். பக்கத்தில் கறுப்பு ரூபாயை வைத்துப் பார்த்துவிட்டு பெரியம்மாவே சொன்னார், "கறுத்ததுதான் காசு மாதிரிக் கிடக்கு." நான் ஒரு மாதம் வாதாடியிருந்தாலும் அது நடந்திராது.

மற்றவை சுருக்கமாக: சதுர ஐந்து சதங்களை அம்மப்பா ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிவைத்திருந்தார், அது உருகி ஒட்டியதை அசற்றோனும் ஈர்க்கும் எடுத்தன, ரப்பரில் இருக்கும் கந்தகம் போட்ட கறுப்புக் கோடு போகவில்லை, போகவும் போகாது. நிக்கல் பித்தளைக் காசு இரண்டில் சிவப்புத் திட்டு, கடல் தண்ணீர் பித்தளையில் இருக்கும் நாகத்தை (துத்தநாகத்தை) கரைத்துச் செம்பை விட்ட இடம், அதற்கும் மருந்தில்லை. ரின்னின் துருவோடு ஒட்டிக்கிடந்த இரண்டு பென்னிகளைக் கத்தியால் நெம்ப மச்சான் கை நீட்டினார், தட்டிவிட்டேன், பதினொரு நாள் தண்ணீரில் கிடந்து தாமாகப் பிரிந்தன. ஓட்டைக் காசுகளுக்கு ஒன்றுமே இல்லை.

அந்தச் செப்புத்துண்டு

நாலாவது நாள் மண் கரைந்தபோது அதன் ஒரு பக்கத்தில் வீ.ஓ.சி. என்ற பின்னல் எழுத்து தெரிந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது, காசு ஸ்டைவர் என்ற செப்புக்காசு. கம்பனி இலங்கையிலேயே அடித்த இந்தக் காசுகளில் பின்னலுக்கு மேல் எந்த ஊர் என்று ஓர் எழுத்து இருக்கும்: கொழும்புக்கு சீ (C), காலிக்கு ஜீ (G), யாழ்ப்பாணத்துக்கு ஐ (I), திருகோணமலைக்கு ரீ (T). எங்கள் ஊரிலேயே காசு அடித்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது, பிரட்றிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போகிறோம், கோணேசர் கோயிலுக்குப் போகிறோம், அதோடு சரி. அதுவும் எப்படிப்பட்ட காலம்: 1782இல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டு பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள், பிறகு ஒல்லாந்தரிடம் திரும்பியது, 1795இல் மறுபடி ஆங்கிலேயர்.

எங்கள் காசில் பின்னலுக்கு மேல் ஒரு நேர்க்கோடு நிற்கிறது. அதன் தலையில் கெட்டியான கரும்பச்சை. அந்தப் பச்சைக்கு அடியில் குறுக்குக்கோடு இருந்தால் ரீ, இல்லாவிட்டால் ஐ. அதாவது திருகோணமலையா யாழ்ப்பாணமா என்பது ஒரு அரிசியில் கால்வாசி அளவு பச்சைக்குள் இருக்கிறது. ஊசியால் ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். மச்சான் ஊசியே கொண்டுவந்தார். தேசிக்காய் ஒரு துளி, ஒலிவ் எண்ணெயில் ஆறு மாதம் என்று ஆளுக்கொரு யோசனை. ஒலிவ் எண்ணெயும் மெல்லிய அமிலம்தான், மெதுவாகச் செய்கிறது என்பதால் ஆட்களுக்குப் பயம் தெரிவதில்லை.

நான் செய்யவில்லை. கெட்டிப் பச்சை செம்பில் இருந்தே வந்தது, எழுத்தின் விளிம்பு சில நேரம் அந்தப் பச்சைக்குள்ளேயே இருக்கும், பச்சையை எடுத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும், பிறகு அது ரீயும் இல்லை ஐயும் இல்லை. அதோடு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருள் தொல்பொருள். உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, இப்படியான காசு தேடி நிலத்தைத் தோண்டினாலும் குற்றம். வீட்டில் பரம்பரையாக இருந்த ஒன்றைப் புளியில் போடவேண்டாம் என்று சொல்லச் சட்டம் தேவையில்லை என்றாலும், சட்டத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் மச்சான் ஊசியைத் திருப்பிக் கொண்டுபோனார். பக்கவாட்டில் ரோர்ச் வெளிச்சம் விழவைத்துப் போனில் படம் எடுத்துப் பார்த்தோம், நிழல் ஒரு படத்தில் குறுக்காக விழுகிறது, அடுத்ததில் விழவில்லை. பெரியம்மாவைக் கேட்டால் அது ரீதான், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றையும் பி.வி.சி. இல்லாத உறையில் தனித்தனியாகப் போட்டு, காற்றுப்புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தேன். நீல மணி ரோஸ் ஆனால் சூடாக்கித் திரும்ப நீலமாக்க வேண்டும், மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், இந்த வேலையைப் பெரியம்மா என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். புளி பட்ட மூன்று சதமும் பென்னியும் மெல்ல மங்கத் தொடங்கிவிட்டன. மச்சான் கந்தகம் போட்டுக் கறுப்பாக்கலாமே என்றார், அது பொய்த்தோல், வேண்டாம் என்றேன்.

இந்தப் புரட்டாதியில் மழைக்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தண்ணீரிலேயே குணமான நாலும் அப்படியே இருக்கின்றன. சோடா போட்ட இரண்டில், சாம்பல் நிறமாகிப் போனதே என்று நான் வருந்தியது நலமாக இருக்கிறது, நிறம் மாறாமல் தப்பியதில்தான் விளிம்போரம் வெளிர்பச்சை, ஈர்க்கால் தொட உதிர்ந்தது. பெரியம்மா ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போய் ஜாம் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்தார், பற்றரித் தண்ணீர் அரைப் போத்தல் மிச்சம் இருந்தது.